கிராம சபையில் பேச வேண்டிய விஷயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் பற்றிய செய்தியைப் படித்தேன். படகு, மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாம் தயார் என்கிறார்கள். நல்லது. ஆனால், "வீட்டைவிட்டு உடனே கிளம்புங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் ஒரு குடும்பம் எப்படிக் கிளம்பும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தென்பெண்ணைக் கரையில் குடியிருப்பவள் என்பதால் எனக்கு அதுதான் கவலை.

எங்கள் ஊரில் வானம் வெளுத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஆற்றின் மேல்பக்கம் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் எங்கள் ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த நேரத்தில் கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தாலும் எத்தனை பேர் விழித்திருந்து படிப்பார்கள்? படித்தவர்களும் இருட்டில் எங்கே போவார்கள்?

கரையோரத்தில் பலர் கிளம்பத் தயங்குவதைப் பிடிவாதம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை யார் தூக்குவது, கறவை மாட்டை எங்கே கட்டுவது, பூட்டிய வீட்டுக்கு யார் காவல் என்று யோசித்தே நேரம் போய்விடுகிறது. இதற்கெல்லாம் மழைக்கு முன்பே விடை வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, டார்ச், கொஞ்சம் சில்லறைப் பணம். முக்கியமான தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியில் எண் இருந்து என்ன பயன்? மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தால் சுவிட்சைத் தொட வேண்டாம். மாடுகளை ஓட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடு நீந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொழுது இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். ஓடும் தண்ணீரில், ராத்திரியில், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குவதைவிட, ஒரு பகல் வீணாக முகாமில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

ஒரு வீட்டால் தனியாகச் செய்ய முடியாதவையும் உண்டு. அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. பருவமழை தொடங்கும் முன் ஊரே சேர்ந்து உட்காரும் நாள் அது. தெருவாரியாக நடக்க முடியாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியாக வாழும் முதியவர்கள் யார் யார் என்று அன்றைக்கே பட்டியல் எடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக இரண்டு இளைஞர்கள், யாருடைய டிராக்டர் அல்லது ஆட்டோ என்பதையும் எழுதிவிடலாம். முகாமாகப் போகும் பள்ளிக்கூடத்தின் சாவி இரவில் யாரிடம் இருக்கும், அங்கே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, மேட்டில் மாடு கட்ட இடம் எது என்று கேட்டு, தீர்மானமாகப் பதிவு செய்யட்டும். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊரே ஒருமுறை அந்தப் பள்ளி வரை நடந்து பார்க்கட்டும்.

மாவட்ட ஆட்சியர்கள் இதைக் கிராம சபைப் பொருள் பட்டியலில் சேர்க்க உத்தரவிட வேண்டும். அக்டோபர் 2-க்கு முன்பே தங்கள் நாளிதழ் இதை வலியுறுத்தி எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் மாவட்டம்