காமோஸ் யாருடைய சொல்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வடதுருவப் பயணக் கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சூரியன் எழாத குளிர்கால இருளைக் குறிக்கும் 'காமோஸ்', பின்லாந்துக்காரர்கள் உலகுக்குத் தந்த சொல்லாம். அது, வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்களிடம் அவர்கள் வாங்கிய சொல். வட சாமி மொழியில் அது ஸ்காப்மா. பழைய பின்னிஷ் மொழியில் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதில்லை. ஸகர மெய் உதிர்ந்தது. ஸ்நேகத்தை நேயம் ஆக்கிய மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமி மொழிக்கும் அது 'குறுகிய' என்னும் பொருளுடைய பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்தே வந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பின்லாந்துக்கு அது வந்த வழி சாமி வழி. நவம்பர் மாதத்துக்கே வட சாமி மொழியில் ஸ்காப்மா மாதம் என்றுதான் பெயர்.

1988 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயின் பின்மார்க் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியனை ஜனவரி நடுவுக்குப் பிறகுதான் மறுபடி கண்டேன். அந்த இருட்டின் பெயரை எனக்குச் சொல்லித் தந்தவர், மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று முள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சாமி அம்மா. சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். பள்ளி விடுதியில் தாய்மொழி பேசி அடி வாங்கிய பயம் அறுபது வயதிலும் போகவில்லை. நோர்வேஜிய மொழி தெரிந்தவருக்கே பின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும் என்று 1902 இல் விதித்த நாடு அது. தனிச் சிங்களச் சட்டத்தின் கீழ் வளர்ந்த எனக்கு அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. 2024 நவம்பரில் நோர்வே பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. அந்த அம்மா அப்போது உயிரோடு இல்லை.

தங்கள் இதழில் இது முதல் முறையும் அல்ல. மரமில்லாத வடதுருவச் சமவெளியைக் குறிக்கும் 'துந்திரா'வை ரஷ்யச் சொல் என்று போட்டீர்கள்; ரஷ்ய மொழி அதைக் கோலா தீபகற்பத்துச் சாமியரிடம் எடுத்தது. அப்போதும் எழுதினேன், வெளிவரவில்லை. பிறகொரு கட்டுரை அவர்களை 'லாப்பியர்' என்றது. அது பிறர் இட்ட பெயர். அவர்களுக்கு இழிவாகப் படும் பெயர். கேட்டதற்கு, சாமி என்றால் வாசகர் கடவுள் என்று குழம்புவர் எனப் பதில் வந்தது. 'சாமி மக்கள்' என்று எழுதினால் யார் குழம்புவார்? முப்பது ஆண்டாகச் சந்தா கட்டி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் எனக்கு இது வலிக்கிறது.

சொற்பிறப்பு தாங்கள் அறியாதது அல்ல. அடுத்த இதழில், காமோஸ் சாமி மொழியிலிருந்து வந்தது என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். சிறிய எழுத்தில் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஒஸ்லோ