ஏன் ராத்திரியில் எரிப்பதில்லை? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். வளர்ப்புப் பிராணிகளுக்கான எங்கள் தகன இல்லத்திலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஓர் அம்மா போன் செய்தார். பதினாலு வருடம் கூடவே இருந்த நாய் அப்போதுதான் போயிருக்கிறது. விடிவதற்குள் தகனம் முடித்துச் சாம்பலைக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் எழுந்து அந்த உடம்பைப் பார்க்க வேண்டாம் என்றார். காலை எட்டு மணிக்கு மேல்தான் முடியும் என்று சொன்னதும் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார். அவரைப் போல இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஏன் ராத்திரியில் கூடாது, ஏன் மெத்தையோடு வைக்கக் கூடாது, ஊருக்குள் நல்ல தார்ரோடு இருக்கும்போது ஏன் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதை) வழியாகச் சுற்றி வரச் சொல்கிறீர்கள் என்று. அந்த நேரத்தில் போனில் இதையெல்லாம் விளக்க முடிவதில்லை, விளக்குவதும் சரியில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே நான் வளர்த்த செல்லப் பிராணி ராணியால்தான். கோவையில் வாடகை வீடு, மூன்றாவது மாடி, ஐப்பசி மழை. அவள் செத்த ராத்திரி, போர்வையில் சுற்றி கார் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஊரைச் சுற்றினேன். கடைசியில் நண்பர் ஒருவர் காலி சைட்டில் குழி வெட்டிக் கொடுத்தார். மழையில் ஆழமாக வெட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டு, தெருநாய்கள் தோண்டிவிட்டன என்றார். அன்றைக்கு நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. மறுபடியும் புதைத்துவிட்டு வந்தேன். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன்.

சுல்தான்பேட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. மேற்கேயும் வடக்கேயும் தென்னந்தோப்பு, கிழக்கே ஒரு வரப்பு தாண்டி ஐந்தாறு தோட்டத்து வீடுகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு ஓர் இசைவாணை என்று இரண்டு வாங்க வேண்டும். முதலாவது கைக்கு வந்ததும், இனி பிரச்சினை இல்லை என்று நினைத்துவிட்டோம். அக்கம்பக்கத்தில் போய்ச் சொன்னோம், ஆனால் அறிவிப்பு மாதிரிதான் சொன்னோம். கேட்பது மாதிரிச் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு.

ஆவணியில் சோதனை ஓட்டம். நண்பர் வீட்டு லேப்ரடார், அது படுத்திருந்த ஃபோம் மெத்தையோடு கொண்டுவந்தார்கள். பிரிக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்தோம். உலை சூடாகும்வரை பொறுக்கவும் இல்லை. பத்து நிமிடம் கன்னங்கரேல் என்று புகை. அரை மணி நேரம் கழித்துக் கிழக்குப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்கு வந்து நின்றார். கையில் அவர் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. விரித்துக் காட்டினார். மிளகுப் பொடி தூவினாற்போல் வேட்டி முழுக்கக் கரி. “ஏனுங் தம்பி, இது என்னன்னு நீங்களே பாருங்” என்றார், அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டேன். இழுத்துக்கொண்டு வந்தது.

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் விஷயம்தான் பேச்சு. இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பதில் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் கெடுமா, ஆஸ்பத்திரிக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து எரிப்பீர்களா, நாளைக்கு இந்த நிலத்தை யார் வாங்குவார்கள், பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வாசலில் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். ஒரு பெரியவர் கடைசியாக எழுந்தார். “நீங்க சித்திரையில வந்து எடத்தப் பாத்தீங்க. ஆடிக் காத்தப் பாக்கல” என்றார்.

உண்மைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி, ஆனி தொட்டுப் புரட்டாசி வரைக்கும் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று இது. இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். எங்கள் புகைபோக்கியிலிருந்து எது வெளியே வந்தாலும் அந்த நாலைந்து மாதம் நேராகக் கிழக்கு வீடுகளுக்குத்தான் போகும். இசைவாணை விண்ணப்பத்தில் வரைபடம் வைத்தோம், அளவெல்லாம் சரியாகப் போட்டோம், ஆனால் காற்றைப் பற்றி அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே நிறுத்தினோம். தை மாதம் வரை உலையைப் பற்றவைக்கவில்லை. முன்பணம் கட்டியிருந்த சிலருக்குத் திருப்பிக் கொடுத்தோம், சொன்ன தேதியில் ஏன் திறக்கவில்லை என்று கோபப்பட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

சரி, என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் உலையில் இரண்டு அறை. முதல் அறையில் உடம்பு எரிகிறது. அதிலிருந்து வரும் புகை நேராக வெளியே போகாமல் இரண்டாவது அறைக்குப் போய், அங்கே இன்னொரு பர்னரில் மறுபடி எரிகிறது. புகை, நாற்றம் என்று நாம் சொல்வதெல்லாம் பாதி எரிந்து தப்பித்த வாயுவும் கரியும்தான். போதுமான சூட்டில் போதுமான நேரம் நின்றால் அது எரிந்து தீர்ந்துவிடும். மருத்துவக் கழிவு எரிக்கும் உலைகளுக்கு 2016-ம் ஆண்டு விதிகளில் ஓர் அளவு இருக்கிறது. முதல் அறை 800 டிகிரிக்குக் குறையக் கூடாது, இரண்டாவது அறை 1050 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், அங்கே வாயு 2 விநாடியாவது தங்க வேண்டும். நாங்கள் மருத்துவக் கழிவு தொடுவதே இல்லை, ஆனாலும் அந்த அளவையே எங்களுக்கும் வைத்துக்கொண்டோம். இரண்டாவது அறை அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் முதல் அறையின் கதவே திறக்கும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் வந்து காத்திருக்கும் நேரம் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியையும் 60 அடியிலிருந்து 100 அடியாக உயர்த்தினோம்.

இனி மெத்தை விஷயம். ஃபோம், ரெக்ஸின், பிளாஸ்டிக் கவர், ரப்பர் பொம்மை, நைலான் பெல்ட், இவை எதையும் கூட வைக்க மாட்டோம். கரும்புகைக்கு முதல் காரணம் இவைதான். பி.வி.சி. மாதிரி குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும், அது மண்ணிலும் பாலிலும் போய்ச் சேரும். பக்கத்துத் தோட்டங்களில் கறவை மாடு இருக்கிறது, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள். ஒரு பருத்தித் துணி, பூ, நீங்கள் கையால் செய்த சோறு ஒரு உருண்டை வைக்கலாம். பெல்ட்டையும் பொம்மையையும் துடைத்துச் சாம்பலோடு உங்களிடமே தந்துவிடுகிறோம். பலர் அதைத்தான் கடைசியில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போகிறார்கள்.

ராத்திரியில் ஏன் கூடாது? ராத்திரியில் காற்று அடங்கிவிடும், தரையோடு குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும், புகை மேலே போகாமல் படியும். அது ஒரு காரணம். இன்னொன்று அதைவிடப் பெரிது. பகலில் புகைபோக்கியை எல்லோரும் பார்க்கலாம். கறுப்பாக ஏதாவது வந்தால் வரப்பில் நிற்பவர்கூடக் கூப்பிட்டுக் கேட்கலாம். இருட்டில் எரித்தால், நாங்கள் ஒழுங்காகவே எரித்தாலும், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அதனால் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரைதான் தகனம். ஆனால் உடம்பை எந்த நேரமும் வாங்கிக்கொள்வோம், இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்காநல்லூர் அலுவலகத்தில் ஃப்ரீசர் இருக்கிறது, ராத்திரி ஆள் இருப்பார். அந்த அம்மாவிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். முடியாது என்று ஆரம்பித்திருக்கக் கூடாது.

ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டியதிலிருந்து மறுபூஜை முடியும்வரை உலை எரியாது. யாரும் எங்களை மிரட்டிக் கேட்கவில்லை, நாங்களாகவே ஒத்துக்கொண்டோம். அந்த நாட்களில் வருபவர்களுக்கு இரண்டு வழி உண்டு, ஃப்ரீசரில் வைத்திருக்கச் சொல்லலாம், அல்லது பெங்களூர் கெங்கேரிப் பக்கம் உள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் மாதிரி நெடுநாளாக இந்த வேலையைச் செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். முகூர்த்த நாளில் எங்கள் வண்டி ஊர்ச் சாலையில் வராது, இட்டேரி வழிதான். நீங்கள் சொந்தக் காரில் வந்தாலும் அப்படியே வாருங்கள். ஐந்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

கிணற்றுப் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு எங்களிடம் நல்ல பதில் இருந்தது. நாங்கள் எதையும் புதைப்பதில்லை. சொல்லப்போனால் புதைப்பதில்தான் ஆபத்து. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து செத்த நாய்க்குட்டியைத் தோட்டத்தில் புதைத்தால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக, ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், அடுத்து அங்கே விளையாடும் குட்டிக்கு ஒட்டும். உலைச் சூட்டில் எந்தக் கிருமியும் மிஞ்சாது. ஆஸ்பத்திரிக் கழிவு பற்றிய சந்தேகத்துக்குப் பதிவேடுதான் பதில். எந்தத் தேதி, என்ன பிராணி, எத்தனை கிலோ, எந்த நேரம் உள்ளே போனது என்று கேட்டிலேயே நோட்டு இருக்கிறது, ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். உங்கள் பெயரும் நம்பரும் அதில் இருக்காது, அது தனி. நில மதிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. கிழக்கு ஓரம் இரண்டு வரிசை புங்கனும் வேம்பும் வைத்திருக்கிறோம், ரோட்டில் போர்டு வைக்கவில்லை. அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை.

நாய்க்கெல்லாம் சுடுகாடா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நம் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. தொறுவை, அதாவது மாட்டு மந்தையைக் காத்து மாண்ட வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்தில் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கிராம சபையில் இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள்தானே எல்லோரும்.

சாம்பலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது கிலோ லேப்ரடாருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வரும், பூனைக்கு இரண்டு கைப்பிடிதான். ஒரு நேரத்தில் ஒரு உடம்பு மட்டுமே உள்ளே போகும். கூடவே எண் வெட்டிய எவர்சில்வர் வில்லை ஒன்றும் போகும், அதே வில்லை சாம்பலோடு உங்களிடம் வரும், ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். அந்தச் சாம்பலைப் பக்கத்து பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் கரைக்காதீர்கள். இரண்டு பேர் அப்படிச் செய்துவிட்டார்கள், துக்கத்தில் செய்ததுதான், ஆனால் அது பாசனத் தண்ணீர். வீட்டுச் செடிக்குப் போடுவதானால் நிறைய மண்ணோடு கலந்து போடுங்கள், அப்படியே கொட்டினால் வேர் கருகும்.

அப்புறம், மயில். தோட்டத்தில் மயில் செத்துக் கிடக்கிறது, வந்து எடுத்துப் போங்கள் என்று வாரம் ஒரு போனாவது வருகிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது அது, நாங்கள் தொடக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெறிநோய் சந்தேகம் உள்ள நாயாக இருந்தால் நீங்களும் தொட வேண்டாம், முதலில் கால்நடை டாக்டரிடம் பேசுங்கள், அவர் சொன்ன பிறகு எங்கள் ஆட்கள் கையுறையோடு வந்து எடுப்பார்கள்.

புறப்படும் முன் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள், உலையைச் சூடாக்கி வைக்கிறோம். கேட்டுக்கு வந்ததும் ஹாரன் அடிக்க வேண்டாம். வேட்டியைக் கொண்டுவந்து காட்டிய அந்த அம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கைக்குழந்தை பகலில்தான் தூங்குகிறது. நீங்கள் வருவது தெரிந்தால் எங்களில் ஒருவர் இட்டேரி முனையிலேயே நின்றிருப்போம்.

அன்புடன்,
ராணி பிராணிகள் தகன இல்லம்