சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் வந்த சாரை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை மதியம் நம் பள்ளிக்குள் சாரைப்பாம்பு வந்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாரைக்கு விஷமும் கிடையாது. அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், மதில் ஓரம் ஒரு எலி செத்துக் கிடந்தது. காலையிலேயே எறும்பு மொய்த்துவிட்டது. சாரை அதைத்தான் விழுங்கியது. நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்து, எலியின் தலைப்பக்கத்தைத் தேடிக் கவ்வி, தாடையை வலப்பக்கம் ஒருமுறை இடப்பக்கம் ஒருமுறை நகர்த்தி உள்ளே இழுத்தது. கடைசியில் வால் மட்டும் வாயோரம் தொங்கியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு தள்ளி நின்று நானும் பார்த்தேன்.

"பாம்பு உயிரோட இருக்கறதத்தானே சார் தின்னும்?" என்றாள் ஒரு மாணவி. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பாம்பு இரை தேடுவதில் மோப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாக்கில் ஒட்டும் வாசனையை மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பு அறிந்துகொள்கிறது. வாசனை சரியாக இருந்தால் செத்ததையும் விடாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கத்துத் தீவு ஒன்றில், 2015இல் பறவைகள் அந்தத் தீவை விட்டுப் போகும்வரை, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் கூட்டிலிருந்து தவறி விழும் மீன்களைப் பெரிதும் நம்பியே விரியன்கள் வாழ்ந்தன. 30க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இப்படிச் செத்ததைத் தின்றிருப்பதை 2002இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை தொகுத்திருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். செத்த எலியையும் மீன் கழிவையும் மதிலுக்கு இந்தப் பக்கம் வீசாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். மருந்து வைத்துக் கொன்ற எலி என்றால் தின்னும் பாம்புக்கும் கேடு. ஐப்பசி மழை வேறு வருகிறது. பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் ஏறினால் வளையில் இருப்பதெல்லாம் மேட்டுக்குத்தான் வரும்.

பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம். வனத்துறைக்கோ எனக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், உடனே 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. அந்த மருந்து தயாரிக்கப் பாம்பிடமிருந்து விஷம் எடுத்துத் தருபவர்களில் வடநெம்மேலி இருளர் பழங்குடியினர் முக்கியமானவர்கள். 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வழியாக இதைச் செய்துவருகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த மாதம் ஏழாம் வகுப்பைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போகிறோம். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்