கோகோபீட் உறையில் ஓர் எண் அச்சிடுங்கள்: கட்டி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் கோகோபீட் கட்டி அடிக்கும் மில் உரிமையாளர்களுக்கும், அதை வாங்கி உறை போட்டு விற்கும் வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

மதுரையில் மொட்டை மாடியில் மண் இல்லாமல் தக்காளி, மிளகாய், கத்தரி வளர்க்கிறேன். நான்கு வருஷமாகிறது. கீரைக்குத் தண்ணீர் ஓடும் குழாய். காய்ச்செடிகளுக்கு உங்கள் கோகோபீட், அதாவது தேங்காய் மட்டையின் நார்த்தூள், நிரப்பிய வாளி. ஆக, நானும் உங்கள் வாடிக்கையாளன்தான். கட்டியில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்ணை உறையில் அச்சிடுங்கள் என்று அந்த உரிமையில் கேட்டு எழுதுகிறேன்.

முதல் வருஷத் தக்காளியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ கட்டி இரண்டு வாங்கினேன். உறையில் ஒரு தென்னை மரம், ஒரு பச்சை இலை, ‘100% இயற்கை’ என்ற வாசகம். ஊறப் போட்டதும் ஒவ்வொன்றும் எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கி வந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்று நட்ட மூன்றாம் வாரம் இலை ஓரம் கருகியது. சத்துப் போதவில்லை போல என்று உரக் கரைசலை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எரிகிற நெருப்பில் எண்ணெய். பிறகு காய் பிடித்தது. பிடித்த காயெல்லாம் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப்போனது. கடையில் கேட்டேன். “வெயில் சார்” என்றார்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்பதை அதன் மின்கடத்துதிறனை (இ.சி.) வைத்துக் காட்டும் இ.சி. மீட்டர் ஒன்று வாங்கி, வாளியின் அடியில் வடிந்த தண்ணீரில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான் ஊற்றிய கரைசல் 2 மில்லிசீமன்ஸ். வடிந்தது 4.6.

உங்களுக்குத் தெரியாததல்ல. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னை பொட்டாசியத்தையும் குளோரைடையும் விரும்பி உறிஞ்சும் மரம். மட்டையிலும் அவை தங்கிவிடும். கடலோரம் பக்கமே போகாத மட்டையிலும் உப்பு இருப்பது அதனால்தான். வெறும் உப்பு என்றால் நாலு முறை அலசினால் தீர்ந்தது. ஆனால் நார்த்தூளின் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரில் அலசினால் அவை முழுதாக விடுபடாது. நாம் கரைசல் ஊற்றும்போது அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும். செடிக்குப் போக வேண்டிய கால்சியம் வழியிலேயே நின்றுவிடும். தக்காளியின் அடி கறுப்பது அந்தப் பற்றாக்குறையில்தான். கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்தால் துகள்கள் முன்கூட்டியே வயிறு நிரம்பிவிடும். இதைத்தான் நீங்கள் ‘பஃபர்’ செய்வது என்கிறீர்கள்.

1946-இல் காலிம்போங் மலையில் ஷோல்டோ டக்ளஸ் மண்ணில்லா விவசாயத்தைச் சோதித்துப் பார்த்தபோது தொட்டிகளில் போட்டது கல்லும் மணலும். கல் எதையும் கொடுக்காது, எதையும் பிடுங்கிக்கொள்ளாது. கோகோபீட் அப்படியில்லை. காற்றும் ஈரமும் சேர்த்துப் பிடிப்பதில் அதற்கு ஈடில்லை என்பேன், ஆனால் அதன் பழைய கணக்கு தெரியாமல் செடி வைக்க முடியாது.

போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, உறவினர் ஒருவர் தெரிந்த களத்துக்கு அழைத்துப் போனார். காய்ந்துகொண்டிருந்த இரண்டு குவியல்களைக் காட்டி அங்கிருந்த மேஸ்திரி சொன்னார்: “இது எக்ஸ்போர்ட்டுங்க, அது லோக்கலுங்க.” எக்ஸ்போர்ட் குவியல் அலசி, பஃபர் செய்து, இ.சி. 0.5-க்குக் கீழே கொண்டுவந்தது. லோக்கல், மில்லிலிருந்து வந்தபடியே காய்ந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, ஒளிவு மறைவே இல்லாமல் சொன்னார். என்னைத் தைத்தது அதுதான்.

நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களுக்குப் போகும் சரக்குக்கு ஆர்.எச்.பி. என்ற தர முத்திரை கேட்கிறார்கள். அதற்குக் களத்திலிருந்தே சோதனை தொடங்குகிறது. அயர்லாந்தில் சதுப்பு நிலத்தைத் தோண்டிப் பீட் என்ற மக்கிய தாவரப் படிவை எடுப்பதை அரசு நிறுவனமே 2021 தொடக்கத்தில் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பீட்டுக்கு மாற்று உங்கள் கோகோபீட்தான், அதனால் அந்தப் பக்கம் உங்களுக்குச் சந்தை இன்னும் விரியும், விரியட்டும், மகிழ்ச்சிதான். ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோலக் குவிந்து, தீப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்த கழிவு இந்த நார்த்தூள். அதை விலைபோகும் பொருளாக்கியது உங்கள் உழைப்பு.

உள்ளூருக்கும் எல்லாவற்றையும் அலசித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது நியாயமும் ஆகாது. அலசத் தண்ணீர் வேண்டும். அலசிய பழுப்புத் தண்ணீர் எங்கோ போக வேண்டும். அது பக்கத்துத் தோட்டக் கிணற்றில் இறங்கி எத்தனை சண்டை என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. 2021-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசு இல்லாத தொழில்களின் வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு உண்டாக்கும் தொழில்களின் ஆரஞ்சுக்கு மாற்றியதும் சும்மா இல்லை. என் மாடித் தக்காளிக்காக ஆழியாற்றுப் பாசனத் தண்ணீர் வீணாவதை நான் விரும்பவில்லை. அலசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அலசுவேன், முதல் அலசல் தண்ணீரை வீட்டுத் தென்னைக்கே ஊற்றுவேன். (எங்கள் தெரு போர் தண்ணீரில் அலசினால் இருக்கிற உப்பு போய் வேறு உப்பு வரும், அது தனிக் கதை.)

எத்தனை முறை அலச வேண்டும் என்று தெரிந்தால்தானே அலச முடியும்? அதற்குத்தான் அந்த எண்.

உறையில் இ.சி. இவ்வளவு என்று போடுங்கள். எந்த முறையில் அளந்தது என்பதையும் போடுங்கள். ஒரு பங்கு கோகோபீட்டுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் கலந்து அளப்பதற்கும், ஐந்து பங்கு கலந்து அளப்பதற்கும் ஒரே கட்டி வேறு வேறு எண் காட்டும். ஐந்து பங்கில் அழகாகக் குறைந்து தெரியும். அந்த அழகில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மூன்றாவதாக, பஃபர் செய்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை. ‘அலசியது’ என்று மட்டும் போட்டுவிட்டுப் பஃபர் செய்ததுபோல் விற்க வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் உறையில் ஏற்கெனவே எடையும் விலையும் அச்சிடுகிறீர்கள், பக்கத்தில் இன்னும் ஒரு வரி. மீட்டர் எக்ஸ்போர்ட் குவியலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மண்ணில் போடும் நகரக் கம்போஸ்ட்டுக்கே உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இ.சி. 4-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. மண்ணே இல்லாமல், வேர் முழுக்க உங்கள் தூளிலேயே வாழப்போகிற செடிக்கு அந்த எண் இன்னும் அவசியம் அல்லவா?

அலசாத கட்டி விலை குறைவு என்றால் அதையே வாங்குவேன், 5 என்று போட்டிருந்தாலும் வாங்குவேன். எண் போடாத கட்டியை இனி வாங்குவதாக இல்லை.

ஆடி கழிந்து மிளகாய் நாற்று விடப் போகிறேன். பத்துக் கட்டி தேவைப்படும். வழக்கமான கடைக்குத்தான் போவேன், இந்த முறை சட்டைப் பையில் மீட்டரோடு.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்