எங்கள் வீட்டுச் சுவரில் 1929: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள பாசடீனா நண்பர்களுக்கு,

சனிக்கிழமை ராத்திரி எங்கள் கூடத்துச் சுவரில், பழைய பிலிம் ரீலில், ராய் ரீகல்ஸ் ஓடியதை நீங்களும் பார்த்தீர்கள். 1929 புத்தாண்டு அன்று, இங்கே நாம் நடந்தே போய்விடும் ரோஸ் பவுல் மைதானத்தில் ஓடிய ஓட்டம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். கைதவறி விழுந்த பந்தை எடுத்தவர், திசை தப்பித் தன் அணியின் எல்லைக்கோடு இருக்கும் பக்கமே அறுபது கெஜத்துக்கு மேல் ஓடுகிறார். கூட ஆடும் பென்னி லாம் துரத்திப் பிடித்து நிறுத்துவதற்கும் எதிரணியான ஜார்ஜியா டெக் ஆட்கள் மேலே விழுவதற்கும் சரியாக இருக்கிறது. அடுத்து லாம் உதைத்த பந்தும் தடுக்கப்பட்டு எதிரணிக்கு 2 புள்ளி போனது. கலிபோர்னியா 8-7 என்று தோற்றது.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. டி.வி. வராத காலத்தில் இந்த ரீல்களைக் கேமராக் கடையில் வாங்கி வீட்டில் போட்டுப் பார்ப்பார்கள். கேஸில் பிலிம்ஸ் என்ற கம்பெனி 1937 முதல் இப்படி விற்றது. 16 எம்.எம்.மில் நூறு அடி, நாலு நிமிடம். அவர் கணவர் சேர்த்துவைத்த ஒன்பது டப்பாவையும் என்னை நம்பிக் கொடுத்தார். இந்த மடலை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான். இரண்டு ரீல் சுருண்டு இறுகிப்போயிருந்தது, அவற்றை மீட்க முடியவில்லை. மற்றதையும் தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் போன ஓர் இடத்தில்.

அப்புறம்தான் செந்திலின் அப்பா வந்தார். மதுரையில் முப்பது வருஷம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர், பேரனைப் பார்க்க வந்த இடத்தில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்த ஆறு நாளை எப்படி மறப்பேன்! 35 எம்.எம். பழகிய கை, பாதி அகலம்கூட இல்லாத பிலிமை ஓரம் மட்டும் தொட்டுப் பிடித்தது. பிளேடால் பிலிம் மேல் பூசிய மருந்தை மெல்லச் சுரண்டி, பிலிம் ஒட்டும் சிமெண்ட் தடவி, கட்டைவிரலால் அழுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுவார். ரீகல்ஸ் ரீலில் மட்டும் பதினோரு ஒட்டு. ஒன்றுகூட ஓடும்போது விடவில்லை.

புரொஜெக்டரும் ரீவைண்டரும் தந்து, பல்பு போனபோது ராத்திரி பத்து மணிக்கு வேறு பல்பு கொண்டுவந்த நண்பருக்கும், டீ போட்டுக்கொண்டே இருந்த என் மனைவிக்கும் நன்றி.

ஐயா, நீங்கள் ஊருக்குக் கிளம்புமுன் 1946 ரீலை இன்னொரு தடவை போடுகிறேன். யாங்கி ஸ்டேடியத்தில் ராணுவக் கல்லூரியும் நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் 0-0 என்று முடித்த ஆட்டம். ராணுவக் கல்லூரியின் பிளாஞ்சர்டை நோட்டர் டேமின் லூஜாக் மடக்கிச் சாய்க்கும் இடத்தில் "நிறுத்து, திரும்பப் போடு" என்றீர்களே, அது நீங்கள் ஒட்டிய இடம். வியாழக்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் வருகிறார்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்