பாப்பாவுக்கு, ஸ்டுடியோவிலிருந்து அப்பா

பாப்பா,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது பீச் ரோட்டில் காந்தி சிலைகிட்ட உன்னையும் அம்மாவையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேனே, அதை நீ பார்த்த விதம் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அம்மா எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்க்கவில்லை, பின்னால் அலையைப் பார்க்கவில்லை, இரண்டு விரலால் உன் கையை மட்டும் பெரிசாக்கி, இன்னும் பெரிசாக்கி, "டெலீட் பண்ணிடுப்பா" என்றாய். அன்றைக்கு ராத்திரி ஒரு தோசையை நாலாக மடித்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அம்மாவும் நானும் பார்த்தோம், வாயைத் திறக்கவில்லை. அப்போதே பேசியிருக்க வேண்டும்.

நெல்லித்தோப்பில் முப்பது வருஷமாகப் படம் எடுக்கிறேன். பிலிம் காலத்தில் நெகட்டிவை விளக்குக்கு மேலே வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் பரு இருக்கும் இடம், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்த இடம் எல்லாம் புள்ளி புள்ளியாக வைப்பேன். நெகட்டிவில் கருப்பாகிற இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துக்கே அரை மணி நேரம் பிடிக்கும். இன்றைக்கு ஃபில்டர் போட்டால் அந்த வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது, ஓடுகிற வீடியோவிலும்கூட. நீ ராத்திரி ஒரு மணி வரைக்கும் இன்ஸ்டாகிராமில் பார்க்கிறாயே, அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே அந்த இடுப்பு இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, இதே தொழிலில் இருக்கிற என்னாலேயே. பிரான்சில் 2017 அக்டோபரிலிருந்து, விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை மெலிசாகவோ பருமனாகவோ மாற்றினால் 'திருத்திய படம்' என்று போட்டே ஆக வேண்டும், சட்டம். இங்கே அப்படி யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

மூக்கு பெரிசு என்று அழுதாயே, அது செல்ஃபி பார்த்துத்தானே? ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்தால், ஐந்தடி தள்ளி எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். முகம் எடுக்க நாங்கள் தள்ளி நிற்பதே அதற்குத்தான். உன் மூக்கில் ஒன்றும் இல்லை பாப்பா.

2021-ல் இன்ஸ்டாகிராமை நடத்துகிற கம்பெனியின் உள் ஆய்வுகளே வெளியே வந்தன. உடம்பை நினைத்து வருத்தமாக இருக்கும்போது இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று டீன் ஏஜ் பெண்களில் 32 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். நீ அந்த வயதைத் தாண்டிவிட்டாய், ஆனால் நீ எதில் நின்று பார்க்கிறாயோ அதையே இன்னும் பத்தாகக் கொண்டுவந்து கொட்டும் வேலை எல்லா வயசுக்கும் ஒன்றுதான். டயட் ரீல் வந்தால் 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடு. செட்டிங்ஸில் பரிந்துரைகளை மொத்தமாக ரீசெட் பண்ணவும் வழி இருக்கிறது, அதைச் செய். 'குண்டு', 'கருப்பு' என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதாதே, பிளாக் பண்ணு. அந்த வார்த்தைகளையே மறைக்கும் வசதியும் இருக்கிறது.

நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மனசு சோர்ந்திருக்கும் பிள்ளையிடம் "நீ அழகாக இருக்கிறாய், மாடலிங் வாய்ப்பு இருக்கிறது, முழு உருவப் படம் அனுப்பு" என்று ஒருவன் வருவான், ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைக்கும் பவுடர் என்று இன்னொருவன் வருவான். இரண்டு பேருக்கும் எதுவும் அனுப்பாதே, படமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவன் மிரட்டினால், பணம் கொடுக்காதே, அவனோடு பேசிய மெசேஜ்களை அழிக்காதே, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு முதலில் எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும். எந்தப் படமானாலும். திட்ட மாட்டேன். 1930, சைபர் குற்றப் புகார் எண், அதற்கு இரண்டு பேரும் சேர்ந்தே பேசுவோம்.

மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை, முடி கொட்டுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். சாப்பாட்டைக் குறைத்தாலும் அப்படி ஆகும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே ஒரு டாக்டரைப் பார், இல்லையென்றால் இங்கே வா, ஜிப்மருக்கு நானே கூட்டிப்போகிறேன், நீ உள்ளே பேசும்போது நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்குப் பேசு, டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இன்னொன்று, சொல்லாமல் விட முடியாது. பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு உன்னை எடுத்தேனே, உன்னைக் கேட்காமலேயே நிறத்தைக் கூட்டி, கன்னத்து மச்சத்தை அழித்தேன். கஸ்டமர் எல்லாரும் கேட்பதால் கை பழகிவிட்டது. நீ பிரிண்டைப் பார்த்து "இது நான் இல்லையேப்பா" என்றாய், நான் சிரித்துக்கொண்டே கவரில் போட்டுக் கொடுத்தேன். உன் நிறம் சரியில்லை என்று உனக்கு முதலில் சொன்னவன் ஒருவேளை நான்தானோ என்று இப்போது தூக்கம் வரவில்லை. மன்னித்துவிடு கண்ணு.

அதன் ஒரிஜினல் பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடைத்தது. எதையும் தொடாமல் ஒரு பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு போன் பண்ணு.

அப்பா