பெஞ்ச் கிரைண்டர்ல (மேசையில பொருத்துற சாணை மெஷின்) கல் மாத்துறவங்க கவனிக்க

சேலம் பட்டறை நண்பர்களுக்கு வணக்கம். புதுக் கல்லை மாட்டுறதுக்கு முன்னாடி துளையில விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மெல்லத் தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்ல கல். சத்தம் மந்தமா வந்தா விரிசல், மாட்டவே வேண்டாம். கல்லில் போட்டிருக்கிற ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), மெஷினோட ஆர்பிஎம்முக்குக் குறையக் கூடாது. ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற காகித வட்டத்தைப் பிய்க்காதீங்க. கல்லை ரெண்டு பக்கமும் பிடிக்கிற ஃபிளாஞ்ச் வட்டு சமமா அமுக்குறது அதாலதான். தேய்க்கிற பீஸைத் தாங்குற ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள்ள. கல் தேயத் தேய இது கூடும். பீஸ் உள்ளே சிக்கிக் கல் உடையுறது பெரும்பாலும் இங்கதான். முதல்ல 1 நிமிஷம் சும்மா ஓடவிட்டு, பக்கவாட்டில் நில்லுங்க. அலுமினியம் வேண்டாம், கல் அடைச்சுக்கும். இரும்பு தேய்ச்ச கல்லுலயே ஸ்டெயின்லெஸ் தேய்ச்சா, ஒட்டின இரும்புத்தூள் துருப்பிடிக்கும்; அப்புறம் நம்ம சேலம் இரும்பாலையோட ஸ்டெயின்லெஸ் தகட்டைக் குறை சொல்லாதீங்க!